என்ஜின் ஆயில் எங்கிருந்து கசிகிறது?

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

மழை பிடிப்பதற்குள் வண்டியைச் சரிபார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலான கடிதங்கள் ஆயில் கசிவைப் பற்றியவை என்பதால், இந்த இதழில் பக்கம் முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். ஜப்பானிலிருந்து இறக்குமதியான 1,500 சிசி ஸ்டேஷன் வேகன் வைத்திருக்கிறேன். 2004ஆம் ஆண்டுத் தயாரிப்பு, பெட்ரோல் என்ஜின், டைமிங் செயின், ஆட்டோமேட்டிக் கியர். மோல்மீனிலிருந்து யாங்கோனுக்கு அடிக்கடி சரக்கு ஏற்றிச் செல்கிறேன். சில மாதங்களாக, இரவில் வண்டி நின்ற இடத்தில் காலையில் இரண்டு மூன்று துளி ஆயில் கிடக்கிறது. ஆயில் மாற்றி மூன்று மாதம் ஆவதற்குள் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே இறங்கிவிடுகிறது. புகை எதுவும் தெரியவில்லை. முதலில் பார்த்த பட்டறையில் சம்ப் (என்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) போல்ட்டின் வாஷரை மாற்றினார்கள்; கசிவு நிற்கவில்லை. அடுத்த பட்டறையில், கிராங்க் தண்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் பின் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று பெரிய தொகை கேட்கிறார்கள். இன்னொருவரோ, பழைய வண்டி கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும், ஆயிலை ஊற்றி ஓட்டுங்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், மோல்மீன்

பதில்: கியர்பாக்ஸை இறக்குவதற்கு இப்போது ஒப்புக்கொள்ளாதீர்கள். பின் சீல் பழுதாகியிருக்க வாய்ப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால், ஆயில் எந்த இடத்திலிருந்து புறப்படுகிறது என்பதை யாரேனும் கண்ணால் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. தரையில் துளி விழுந்த இடத்தை வைத்தே எல்லோரும் முடிவு சொல்லியிருக்கிறார்கள். மெதுவான கசிவில் இந்த முடிவுதான் பெரும்பாலும் தவறிப்போகிறது. அதற்காகக் குடும்பங்கள் செலவழிக்கும் பணத்தை நினைத்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

கசிந்த ஆயில் நேராகக் கீழே விழுவதில்லை. அது என்ஜினின் சுவரை ஒட்டி வழிந்து, வார்ப்பில் உள்ள விளிம்புகளையும் போல்ட் தலைகளையும் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து, கடைசியில் எது தாழ்வான முனையோ அங்கிருந்து சொட்டுகிறது. வண்டி ஓடும்போது ரேடியேட்டர் வழியாக வரும் காற்று அதைப் பின்புறமாகவும் கீழாகவும் தள்ளுகிறது. உங்கள் வண்டியைப் போன்ற முன்சக்கர இயக்க வண்டிகளில் என்ஜின் குறுக்காகப் படுத்திருக்கும். ஒரு முனையில் செயின் கவரும் மறுமுனையில் கியர்பாக்ஸும் இருக்கும். என்ஜினின் உச்சியை மூடும் டேப்பட் கவரின் கியர்பாக்ஸ் பக்க மூலையில், இடைவெளியை அடைக்கும் ரப்பர் பேக்கிங் கல்லாகி அங்கே கசிந்தால், அந்த ஆயில் சிலிண்டர் ஹெட்டின் பக்கவாட்டில் இறங்கி, என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இணைப்பை அடைந்து, பின் சீல் பழுதானால் எங்கே சொட்டுமோ சரியாக அந்த இடத்திலேயே சொட்டும். கீழே படுத்துப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒன்றுக்குச் சில மணி நேர வேலை போதும். மற்றதற்குக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும்.

தேடத் தொடங்குமுன் ஒரு சிறு கணக்குப் போட வேண்டும். பல சிறிய என்ஜின்களில் டிப்ஸ்டிக்கின் இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள அளவு சுமார் 1 லிட்டர். அப்படியானால், நீங்கள் மூன்று மாதத்தில் இழப்பது ஏறக்குறைய அரை லிட்டர். தரையில் விழும் ஆயிலோ, பத்துத் துளி சேர்ந்தாலும் 1 மில்லிலிட்டரை எட்டாது. தினமும் மூன்று துளி என்று வைத்துக்கொண்டாலும், மூன்று மாதத்தில் அது 30 மில்லிலிட்டருக்கும் குறைவுதான். மீதி ஆயில் எங்கே போகிறது? ஒன்று, வண்டி ஓடும்போது மட்டும் வேகமாகக் கசிந்து காற்றில் பறக்கிறது, அல்லது எக்ஸாஸ்ட் குழாய் மேல் பட்டுக் கருகுகிறது. இல்லையென்றால், சிலிண்டருக்குள் எரிந்து போகிறது. புகை தெரியாததால் எரியவில்லை என்று சொல்லிவிட முடியாது. மெதுவாக எரியும் ஆயிலின் புகையை, எக்ஸாஸ்ட் குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் பெரும்பாலும் மறைத்துவிடும்.

இதைப் பிரித்தறிய வண்டியின் அடிப்பகுதியைப் பாருங்கள். ஓடும்போது கசிகிற வண்டியில் என்ஜினுக்குப் பின்னால் உள்ள அடித்தகடு வெகுதூரம் வரை ஆயிலும் தூசியும் சேர்ந்து கறுத்துப் பசையாக இருக்கும். அங்கே காய்ந்து கிடந்தால், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி அவற்றின் முனையில் கறுப்பு ஈரமோ கெட்டியான படிவோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது வேறொருவரைப் பின்னால் நிற்கச் சொல்லி, சில வினாடி நீலப்புகை வருகிறதா என்று கவனிக்கச் சொல்லுங்கள். வந்தால் வால்வு சீல்கள் மேல் சந்தேகம் கொள்ளலாம். ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. 1,000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் வரை செலவாவதையே ஏற்கத்தக்க உச்ச அளவாகச் சில தயாரிப்பாளர்கள் வைத்திருக்கிறார்கள். உங்கள் அளவு அதற்கு வெகு கீழே இருக்கிறது. இரண்டு காரணமும் ஒரே வண்டியில் இருக்கக்கூடும் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். இல்லாவிட்டால், கசிவை அடைத்த பிறகும் டிப்ஸ்டிக் இறங்கும்போது, நல்ல வேலை செய்த மெக்கானிக்கை வீணாகக் குறை சொல்ல நேரும்.

இனித் தேடும் முறை. முதல் வேலை சுத்தம் செய்வது. இதைத் தவிர்த்துவிட்டுச் செய்யும் எந்தச் சோதனைக்கும் பயனில்லை. பழைய ஆயிலும் செம்மண் தூசியும் அப்பிய என்ஜினில் எந்த ஈரம் இன்று வந்தது, எது போன வருடத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. என்ஜின் நன்றாக ஆறிய பிறகு கீழே உள்ள பிளாஸ்டிக் தட்டைக் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டர், இக்னிஷன் காயில்கள், காற்று உள்ளே போகும் வாய் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையால் மூடுங்கள். கடைகளில் விற்கும் என்ஜின் கிளீனரையோ மண்ணெண்ணெயையோ பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்து, பிறகு சோப்புத் தண்ணீரால் கழுவித் துடையுங்கள். பெட்ரோலைக் கொண்டு ஒருபோதும் கழுவாதீர்கள்; ஒரு தீப்பொறி போதும். அழுத்தமாகப் பீய்ச்சும் தண்ணீரும் வேண்டாம். கனெக்டர்களுக்குள் நீர் புகுந்தால் புதிய தொல்லைகள் தொடங்கும். வண்டிக்கு அடியில் போக வேண்டியிருந்தால், ஜாக்கை மட்டும் நம்பாமல், உறுதியான ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்கு அடைப்புக் கட்டையும் போட்ட பிறகே போங்கள்.

கழுவிய என்ஜின் முற்றிலும் காய்ந்த பிறகு, ஸ்டார்ட் செய்து நின்ற இடத்திலேயே பதினைந்து இருபது நிமிடம் ஓட விடுங்கள். டார்ச் விளக்கையும் சிறிய கைக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழாகப் பாருங்கள். பெல்ட்டும் ஃபேனும் சுழலும் இடத்தில் கையோ சட்டை நுனியோ போகாமல் கவனமாக இருங்கள். கை நுழையாத இடத்துக்குக் கைபேசிக் கேமரா போதும். எதுவும் தெரியவில்லையென்றால் 20, 30 கிலோமீட்டர் ஓட்டி வந்து மீண்டும் பாருங்கள். இரவு நிறுத்திவிட்டுக் காலையில் மறுபடியும் பாருங்கள். எல்லாவற்றிலும் உயரமாகவும் முன்புறமாகவும் உள்ள ஈரம் எதுவோ அங்கேதான் கசிவு தொடங்குகிறது. அதற்குக் கீழே எத்தனை இடம் நனைந்திருந்தாலும் அவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

கண்டுபிடிக்கும்போது அது எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் பெரிய ஒழுக்கை எதிர்பார்த்துச் சின்ன அடையாளத்தைத் தவறவிடுகிறார்கள். டேப்பட் கவரும் செயின் கவரும் சிலிண்டர் ஹெட்டும் ஒன்றுசேரும் மூலையில், கழுவி வெளுத்த அலுமினியத்தின் மேல் நூல் அகலத்தில் ஒரு பளபளப்பு மட்டும் தெரியும். அதற்குக் கீழே உள்ள போல்ட் தலையின் அடி விளிம்பில், விழலாமா வேண்டாமா என்பதுபோல் ஒரு துளி தொங்கிக்கொண்டிருக்கும். வெள்ளைக் காகிதத்தால் தொட்டால் தெளிவான பழுப்பு நிறத்தில் கறை படியும். என்ஜின் அணைந்திருக்கும்போது அந்த இடத்தில் முகப் பவுடரை மெல்லியதாகத் தூவிவிட்டு மறுபடியும் ஓட விட்டால், ஆயில் வரும் வழி வெண்மையின் நடுவே கருங்கோடாகப் பதிந்துவிடும். பவுடர் பெல்ட் மேலும் காற்று வாயிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதிலும் அகப்படாத கசிவுக்கு, என்ஜின் ஆயிலில் கலப்பதற்கென்றே விற்கும் ஒளிரும் சாயம் இருக்கிறது. அதை ஊற்றிச் சில நாள் ஓட்டிய பிறகு, கள்ளநோட்டுப் பார்க்கப் பயன்படும் புற ஊதா விளக்கை இருட்டில் அடித்தால் கசிந்த பாதை மஞ்சள் பச்சையாக ஒளிரும்.

எங்கெங்கே பார்ப்பது என்று கேட்பீர்கள். இருபது வருடம் பழகிய வண்டியில் முதல் சந்தேகம் டேப்பட் கவர் பேக்கிங் மேல்தான். அந்த ரப்பர் என்ஜின் சூட்டில் வெந்து வெந்து நெகிழ்வை இழந்து, கழற்றும்போது பிளாஸ்டிக் துண்டைப் போல் உடைந்து வரும். அதே கவரில் ஸ்பார்க் பிளக் குழிகளுக்கான சீல்களும் இருக்கின்றன. காயிலை உருவிப் பார்க்கும்போது குழிக்குள் ஆயில் நின்றால் அவையும் போய்விட்டன என்று அறியலாம். செயின் உள்ள என்ஜின்களில் செயின் கவரை ஒட்டுவது பெரும்பாலும் பேக்கிங் இல்லை, சீலன்ட் பசைதான். அது வயதாகி விளிம்பில் விட்டுவிடுவதும் உண்டு. வால்வு டைமிங்கை மாற்றும் ஆயில் கன்ட்ரோல் வால்வு இருந்தால், அதன் ஓ-ரிங்கையும் பார்க்க வேண்டும். கிராங்கின் முன் சீல் கசிந்தால் அடையாளம் வேறாக இருக்கும்: சுழலும் புல்லி ஆயிலைச் சுற்றிலும் விசிறியடிப்பதால், புல்லிக்குப் பின்னால் வட்டமாகத் தெறித்த கறை தெரியும்.

உங்கள் விஷயத்தில் எனக்கு முதலில் தோன்றுவது ஆயில் பிரஷர் சுவிட்ச். வண்டி நிற்கும்போது மிகக் கொஞ்சமாகவும் ஓடும்போது அதிகமாகவும் கசியும் இடங்களில் அது முக்கியமானது, ஏனென்றால் ஆயில் அழுத்தம் அதன் மேல் நேராக விழுகிறது. என்ஜினை அணைத்ததும் அழுத்தம் போய்விடுகிறது. பெருவிரல் அளவே உள்ள இந்தச் சுவிட்ச் ஆயில் ஃபில்டருக்குப் பக்கத்திலோ சிலிண்டர் பிளாக்கின் பக்கவாட்டிலோ திருகப்பட்டிருக்கும். இதில் திருகு வழியாகக் கசிவதைவிட, உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்து, மின் இணைப்பு உள்ள தலை வழியாகக் கசிவதே அதிகம். கனெக்டரை இழுத்துப் பாருங்கள். உள்ளே ஆயில் நனைந்திருந்தால் வேறு சோதனையே தேவையில்லை. விலை குறைந்த இந்தச் சுவிட்சுக்காகச் சம்பைக் கழற்றி மாட்டிய வண்டிகளும் இருக்கின்றன.

இன்னொன்று இருக்கிறது, எந்தச் சீலை மாற்றுவதற்கு முன்பும் இதைப் பார்த்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சிலிண்டருக்குள் எரியும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எப்போதும் சம்ப் பக்கம் இறங்கும். அதை மறுபடியும் உள்ளிழுத்து எரிப்பதற்காகப் பிசிவி வால்வும் அதன் ரப்பர் குழாயும் வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த வால்வு கசடு பிடித்து அடைத்துக்கொண்டால், என்ஜினுக்குள் அழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகவும் ஆயிலை வெளியே தள்ளும். ஒரு பேக்கிங்கை மாற்றினால் அடுத்த பலவீனமான இடத்தில் கசிவு தொடங்கும். என்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயின் மேல் மெல்லிய காகிதத்தைப் பிடியுங்கள். காகிதம் மெல்ல உள்ளே இழுபட்டால் நல்லது. வெளியே தள்ளப்பட்டால் வால்வையும் குழாயையும் கவனிக்க வேண்டும். வால்வைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே ‘டக் டக்’ என்று சத்தம் கேட்க வேண்டும். புதிய வால்வும் குழாயும் போட்ட பிறகும் காகிதம் தள்ளப்பட்டால், ரிங்குகள் தேய்ந்திருக்கின்றனவா என்று கம்ப்ரஷன் சோதனை செய்து பார்ப்பதே அடுத்த படி.

மேலே சொன்ன எல்லா இடங்களும் காய்ந்திருந்து, கியர்பாக்ஸ் இணைப்பின் அடியில் மட்டும் புதிய ஈரம் இருந்தால், அப்போது பின் சீல் என்று நம்பலாம். அப்போதும்கூட, சொட்டுவது என்ஜின் ஆயில்தானா, அல்லது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் முன் சீல் வழியாக வரும் கியர் ஆயிலா என்று பார்த்துவிட்டே இறக்கச் சொல்லுங்கள். இறக்கிய பிறகு இரண்டு சீலையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது, கூலி ஒன்றுதான்.

கேள்வி: நாங்கள் யாங்கோன் நகரத்துக்குள் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். காரைத் தெருவில்தான் நிறுத்துகிறோம். தினமும் வேறு வேறு இடம். தரை முழுவதும் ஏற்கெனவே கறை. மழைநாளில் காருக்கு அடியில் வானவில் நிறம் படர்கிறது. கசிவது எங்கள் கார்தானா, அது என்ன ஆயில் என்று எப்படி அறிவது?
– வாசகி, யாங்கோன்

பதில்: பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, முன்சக்கரங்களுக்கு நடுவே ஒரு கல்லை வைத்து இரவு முழுவதும் விரித்து வையுங்கள். மழையில்லாத இரவாக இருப்பது நல்லது. அட்டையின் ஓரத்தில் ‘முன்புறம்’ என்றும் ‘ஓட்டுநர் பக்கம்’ என்றும் எழுதுங்கள். 1970 முதல் மியான்மரில் நாம் சாலையின் வலப்புறமாக ஓட்டினாலும், ஜப்பானிலிருந்து வந்த வண்டிகளில் ஓட்டுநர் இருக்கையும் வலப்புறமே இருக்கிறது; இடப்புற ஸ்டியரிங் வண்டிகளும் இப்போது கலந்து ஓடுகின்றன. அதனால் மெக்கானிக்கிடம் வலது, இடது என்று மட்டும் சொன்னால் குழப்பம் வருகிறது.

அட்டையில் விழுந்த கறையைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பழுப்பாகவோ கறுப்பாகவோ வழவழப்பாக இருந்தால் என்ஜின் ஆயில். சிவப்புச் சாயல் இருந்தால் ஆட்டோமேட்டிக் கியரின் ஏடிஎஃப் ஆயிலாகவோ பவர் ஸ்டியரிங் ஆயிலாகவோ இருக்கலாம். பழையதாகிவிட்டால் அந்தச் சிவப்பும் பழுப்பாகிவிடும் என்பதால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். மேனுவல் கியர் ஆயில் கந்தக நெடி அடிக்கும். பச்சையோ இளஞ்சிவப்போ கலந்த தண்ணீராக, தொட்டால் லேசாகப் பிசுபிசுத்தால் அது ரேடியேட்டர் கூலன்ட். சக்கரத்துக்கு அருகே தெளிந்த, மெல்லிய, வழுக்கும் திரவம் விழுந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியானால் காரை எடுக்கவே வேண்டாம், மெக்கானிக்கை வரவழையுங்கள். ஏசி போட்டு வந்த பிறகு சொட்டும் வெறும் தண்ணீரைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

வானவில் நிறத்தைப் பார்த்து அளவைக் கணக்கிடாதீர்கள். ஈரத்தரையில் ஒரே ஒரு துளி ஆயில் மிக மெல்லிய படலமாக விரிந்து முழத்துக்கு மேல் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதோடு, மேட்டில் நின்ற வேறொரு வண்டியின் ஆயில் மழைநீரோடு ஓடி வந்து உங்கள் காருக்கு அடியில் தேங்குவதும் நடக்கும். அட்டையும் டிப்ஸ்டிக்கும் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். டிப்ஸ்டிக்கைக் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், சமதரையில் பார்த்து, கிலோமீட்டர் எண்ணோடு சேர்த்து ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்.

கேள்வி: டேப்பட் கவர் பேக்கிங்கைப் புதிதாக மாற்றினோம். ஒரு மாதத்துக்குள் மறுபடியும் அதே இடத்தில் கசிகிறது. பேக்கிங் தரமில்லையா, வேலை சரியில்லையா?
– வாசகர், தட்டோன்

பதில்: பேக்கிங் தரமில்லாமல் இருக்கலாம்; ஆனால் மாற்றிய விதத்தையே நான் முதலில் பார்ப்பேன். டேப்பட் கவரின் சிறு போல்ட்டுகளுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்கம்தான் தேவை. அது நீண்ட ஸ்பானரின் முனையை ஒரு விரலால் இழுக்கும் அளவே. கசியக் கூடாது என்ற எண்ணத்தில் முழுக் கைப்பலத்தோடு இறுக்கும்போது, கவர் வளைந்து, இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே மேலெழும்பிக்கொள்கிறது, அல்லது பேக்கிங் நசுங்கித் தன் பள்ளத்தைவிட்டு விலகுகிறது. இறுக்க இறுக்கக் கசிவு கூடுகிறது என்றால் காரணம் இதுதான். நடுவிலிருந்து தொடங்கி ஓரங்களை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாக, எல்லாப் போல்ட்டையும் சமமாக இறுக்க வேண்டும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் உள்ள பட்டறையில் கொடுங்கள்.

இரண்டாவது, செயின் கவர் ஹெட்டோடு சேரும் இரண்டு இணைப்புகளின் மேலும் ஒரு பொட்டுச் சீலன்ட் வைத்த பிறகே கவரை மூடும்படி பல என்ஜின்களின் பணிமுறை நூல்கள் கூறுகின்றன. அந்த இடத்தில் இரண்டு உலோகத் துண்டுகளுக்கு நடுவே மயிரிழை அளவு இடைவெளி இருக்கிறது. ரப்பரால் மட்டும் அதை அடைக்க முடியாது. பழைய சீலன்ட்டைச் சுரண்டி எடுத்து, ஆயில் ஈரம் இல்லாமல் துடைத்த பிறகே புதியது ஒட்டும். வண்டியைக் கொடுத்த அன்றே எடுத்துப் போக அவசரப்படாதீர்கள். சீலன்ட் முழுதாக இறுக அதன் உறையில் சொல்லியிருக்கும் நேரம், பெரும்பாலும் 24 மணி நேரம், விட வேண்டும். மறுபக்கம், பேக்கிங் முழுவதற்கும் இருபுறமும் சீலன்ட்டை அப்பிவிடுவதும் தவறு. பிதுங்கி உள்ளே விழும் துணுக்குகள் சம்பில் உள்ள ஆயில் சல்லடையை அடைத்தால், சில துளி ஆயிலை மிச்சம் பிடிக்கப் போய் என்ஜினையே இழக்க நேரிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கசிந்தால், மோல்மீன் வாசகருக்குச் சொன்ன பிசிவி வால்வுச் சோதனையைச் செய்யுங்கள்.

கேள்வி: கசிவை நிறுத்தக் கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றலாமா? கடையில் விற்கும் கசிவு நிறுத்தும் மருந்து பயன் தருமா?
– வாசகர், பாகோ

பதில்: கெட்டியான ஆயில் கசிவின் வேகத்தைச் சற்றுக் குறைக்கும், ஓட்டையை அடைக்காது. பழைய, எளிய என்ஜின்களுக்கு நம் ஊர் வெயிலில் அது பொருந்தும். மெல்லிய 5டபிள்யூ-30 ஆயில் கேட்கும் புதிய வகை என்ஜின்களில், வால்வு டைமிங்கை மாற்றும் அமைப்பு நுண்ணிய துளைகள் வழியாக ஆயில் அழுத்தத்தில் இயங்குவதால், காலை ஸ்டார்ட்டில் அது தடுமாறும். தயாரிப்பாளர் கையேடு வெப்ப நாடுகளுக்கு 10டபிள்யூ-40 போன்ற ஒன்றை அனுமதித்திருந்தால் அந்த எல்லைக்குள் மாற்றிக்கொள்ளலாம். அதைத் தாண்ட வேண்டாம்.

கசிவு நிறுத்தும் மருந்துகளில் பல, காய்ந்த ரப்பர் சீலைக் கொஞ்சம் உப்ப வைத்து மிருதுவாக்குபவை. கிராங்க் சீல் போன்ற ரப்பர் சீல்களில் சில காலம் பலன் தெரியலாம். வெடித்த பேக்கிங்குக்கும், விட்டுப்போன சீலன்ட்டுக்கும், கிழிந்த பிரஷர் சுவிட்சுக்கும் அது எதுவும் செய்யாது. எது கசிகிறது என்று தெரியாமல் ஊற்றுவது வீண்செலவு. கியர்பாக்ஸை இறக்கும் வேலையைப் பணம் சேரும் வரை தள்ளிப்போட வேண்டியவர் மட்டும், பின் சீல்தான் என்று உறுதியான பிறகு முயன்று பார்க்கலாம்.

கேள்வி: சொட்டுச் சொட்டாகக் கசியும் வண்டியை எவ்வளவு காலம் ஓட்டலாம்? எப்போது நிறுத்தியே ஆக வேண்டும்?
– வாசகர், யாங்கோன்

பதில்: அளவைத் தவறாமல் பார்த்து ஊற்றி வருகிறவர் மெதுவான கசிவோடு பல மாதங்கள் ஓட்டலாம். ஆயில் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தே ஆபத்து. என்ஜினிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் குழாய் மேல் விழுந்தால் காத்திருக்காதீர்கள்; என்ஜின் ஆயிலின் ஆவி ஏறக்குறைய 200 டிகிரி செல்சியசுக்கு மேல் தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும், மேனிஃபோல்ட் அதைவிட மிக அதிகமாகச் சூடாகும். டிராஃபிக்கில் நிற்கும்போது கருகிய நெடியும் பானெட் ஓரத்தில் புகையும் வந்தால் அதுவே அறிகுறி. டைமிங் பெல்ட் உள்ள என்ஜினில் பெல்ட் மேல் ஆயில் பட்டாலும் அப்படித்தான். ரப்பர் ஊறிப் பெல்ட் அறுந்தால் பல என்ஜின்களில் வால்வுகள் வளைந்துவிடும். பெல்ட் மாற்றும்போது கேம், கிராங்க் முன் சீல்களையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

ஆயில் மாற்றிய அன்றே கசிவு தொடங்கினால் ஃபில்டரைப் பாருங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதியதைத் திருகிவிடுவதுண்டு; இரண்டு வளையம் சேர்ந்தால், அழுத்தம் ஏறும்போது ஒன்று பிதுங்கி, சில நிமிடத்தில் ஆயில் முழுவதும் சாலையில் கொட்டிவிடும். ஃபில்டர் கழற்றியதும் அந்த முகத்தைத் துணியால் துடைத்துக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை. சம்ப் போல்ட்டின் வாஷரையும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழைய வாஷரோடு அளவுக்கு மீறி இறுக்கினால் அலுமினியச் சம்பின் மரை அழிந்துவிடும்.

ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், அடுத்த பட்டறை வரை போய்ப் பார்க்கலாம் என்று எண்ணாமல் வண்டியை ஓரங்கட்டி உடனே என்ஜினை அணையுங்கள். சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் குறைந்திருந்து, ஊற்றிய பிறகு விளக்கு அணைந்து, கீழே ஒழுக்கும் இல்லையென்றால் மெதுவாகப் பட்டறைக்கு ஓட்டிப் போகலாம். ஆயில் சரியான அளவில் இருந்தும் விளக்கு எரிந்தால், அல்லது ஊற்ற ஊற்ற ஒழுகினால், கயிறு கட்டி இழுத்துப் போங்கள்.